மாமா ஒட்டிய பல்லி

என் வயதுக்காரர்களே, பள்ளிக்கூட நோட்டுகளுக்கு நீங்கள் எதில் அட்டை போட்டீர்கள் என்று நினைவிருக்கிறதா? கடையில் பிரவுன் தாள் வாங்கிப் போட்டவர்கள் நம் பக்கத்துக்காரர்களாக இருக்க முடியாது. சிவகாசிக்கும் விருதுநகருக்கும் நடுவில் பிறந்த பிள்ளைகளுக்கு லேபிள் தாள்தான். பட்டாசு டப்பாவில் ஒட்ட அச்சடித்து, கலர் ஒதுங்கிப் போனதால் கழித்துக் கட்டிய தாள். ஒரே தாளில் வரிசையாகக் குருவிகள் இருக்கும், ஒவ்வொரு குருவிக்கும் சிவப்பு அலகு ஒரு விரற்கடை தள்ளி அந்தரத்தில் நிற்கும். என் கணக்கு நோட்டில் ஒரு நடிகைக்கு நான்கு கண். வாத்தியாரே, “ஏலே, அந்த யானை வெடிய எடுத்துட்டு வா” என்றுதான் வரலாற்று நோட்டைக் கேட்பார்.

அந்த ஒரு வருஷம் மட்டும் எங்கள் வகுப்பு முழுவதும் ஒரே அட்டை. பச்சைப் பல்லி. ஆளுயரப் பல்லி என்று சொன்னால் போதாது, அதன் காலடியில் மாடிக் கட்டடங்கள் தீப்பெட்டி போல நொறுங்கிக் கிடந்தன. வாயிலிருந்து நெருப்பு. மேலே சிவப்பு எழுத்தில் ‘எரிமலை அரக்கன்’, அதன் கீழே ‘ஜப்பானியர்களின் பிரம்மாண்டமான விஞ்ஞானச் சித்திரம்’. ஒரு சுவரொட்டியைக் கிழித்தால் நான்கு நோட்டுக்கு வரும். தலை கிடைத்தவன் வகுப்பில் ராஜா. வால் கிடைத்தவன் அதை மறைத்து மறைத்து வைப்பான்.

சுவரொட்டிகளைக் கொண்டு வந்து கொடுத்தது என் மாமா. அம்மாவின் தம்பி. சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் மிஷின் ஓட்டினார். அவர் வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் மண்ணெண்ணெய் வாசம் வந்துவிடும், மையை அதில்தான் கழுவுவார்கள். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் அன்றைக்கு ஓடிய கலர் தங்கியிருக்கும். “இன்னைக்கு நீலமா மாமா?” என்று கேட்டால் கையை விரித்துக் காட்டி, “காலைல நீலம், மத்தியானம் மஞ்சள். கெளம்பும்போது பச்சையாயிட்டேன்” என்பார். எந்நேரமும் சிரித்த முகம். மாமாவுக்கு எழுத்து தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது, நான்தான் முதல் ஆள். ஊர் முழுக்க ஒட்டும் எழுத்தை அச்சடித்தவருக்கு அதை நான் படித்துக் காட்டுவேன்.

ரொம்பச் சின்ன வயதில் அவரிடம், “குருவி வெடிக்குள்ள குருவி இருக்குமா மாமா?” என்று கேட்டிருக்கிறேன்.

“உள்ள இருக்கது மருந்துலே. மேல இருக்கது வேவாரம். லேபிளுக்கும் சரக்குக்கும் என்ன சம்பந்தம்?” என்றார்.

இவ்வளவு தெரிந்த மனிதர்தான் அந்தத் தவறைச் செய்தார்.

விருதுநகரில் மூடுகிற நிலையில் ஒரு பழைய தியேட்டர் இருந்தது. யாரோ எப்போதோ தமிழில் குரல் கொடுத்து வைத்த ஒரு பழைய ஜப்பான் படத்தின் பெட்டி அந்த முதலாளிக்கு மலிவாகக் கிடைத்திருக்கிறது. போஸ்டர் அடிக்க பிரஸ்ஸுக்கு வந்தவரிடம் படம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை. கையிலிருந்த ஒன்றிரண்டு புகைப்படங்களில் கறுப்பும் கோடும்தான். “என்னமோ ஒரு ராட்சசன் வருவான்யா, பயங்கரமா எதையாச்சும் போடு” என்றிருக்கிறார். மாமா பிரஸ்ஸின் பழைய சாமான்களைக் கிளறி, எப்போதோ மூடிப்போன ஒரு கம்பெனியின் ராக்கெட் டப்பா லேபிளைக் கண்டுபிடித்தார். அதில் இருந்ததுதான் அந்தப் பல்லி. அதைப் பெரிதாக்கி, ஏதோ காலண்டரில் இருந்த பம்பாய்க் கட்டடங்களை வெட்டி அதன் காலடியில் ஒட்டினார். ஒட்டியது தான்தான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். எங்கள் ஆமத்தூர் பஸ் நிறுத்தத்துச் சுவரில் அதைக் காட்டி, “பல்லி எப்பிடி?” என்று கேட்பார். ஊரும் அதைப் பல்லி படம் என்றது. படம் வருவதற்கு முன்பே ஒரு மாதம் போல எல்லோர் வாயிலும் பல்லி பல்லி என்று கேட்டதில் மாமாவுக்கே அது நிஜமாகிவிட்டது.

நான் ஒரு முறை, “மாமா, இதுல பல்லின்னு எங்கயும் எழுதலையே” என்றேன்.

“படிச்சவனுக்கு எல்லாம் எழுதித்தான் காட்டணுமோ?” என்று என் தலையில் தட்டினார்.

*

இனி அத்தையைச் சொல்ல வேண்டும். அப்பாவின் தங்கை, எங்கள் வீட்டில்தான் இருந்தாள். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலை. சாயங்காலம் லோடு வண்டியிலிருந்து குதிக்கும்போது முழங்கை வரை அலுமினியப் பொடி ஒட்டி வெள்ளிக் கை போல மின்னும். அந்தக் கையால் என் கன்னத்தைத் தடவி, “மருமகனே, உனக்கு வெள்ளி முலாம் பூசிட்டேன், அடகு வச்சா எம்புட்டு தேறும்?” என்பாள். சினிமாவுக்குப் போனால் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படம் பார்க்க முடியாது. திரையில் இருப்பவர்களோடு பேசிக்கொண்டே இருப்பாள். வில்லன் கதவுக்குப் பின்னால் நின்றால், “ஏ கூமுட்ட, பின்னால பாரு” என்று கதாநாயகனை அதட்டுவாள். தியேட்டர் திரும்பிப் பார்க்கும். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள்.

பல்லி போஸ்டருக்கு முந்தின வருஷமே அவளுக்கும் மாமாவுக்கும் பேசி முடித்துப் பூ வைத்தாகிவிட்டது. சின்ன வயதிலிருந்தே அவரை அத்தான் என்று கூப்பிட்டுப் பழகியவள், பூ வைத்த பிறகு கூப்பிட வெட்கப்பட்டு, “பிரஸ்ஸுக்காரரு” என்று என்னிடம் ஜாடை பேசினாள்.

பிறகு தீபாவளி ஆர்டர் நெருக்கிய ஒரு நாளில் கம்பெனியில் அத்தைக்கு அடுத்த ரூமில் தீப்பிடித்தது. சத்தம் கேட்டு ஊர் மொத்தமும் ரோட்டுக்கு ஓடியது, பெண்கள் ஒவ்வொரு வண்டியாக மறித்துப் பெயர் கேட்டது எல்லாம் உங்களுக்கும் தெரியும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நாள் இருந்திருக்கும். அதை எழுத எனக்கு மனமில்லை.

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அத்தை திரும்பி வந்தபோது இடது நெற்றி முதல் கழுத்து வரை தோல் மடிப்பு மடிப்பாக இறங்கி, தலையைச் சற்றே தோள் பக்கம் இழுத்திருந்தது. இடது கையில் இரண்டு விரல் ஒட்டிக்கொண்டன. அம்மா கண்ணாடியைக் கழற்றிப் பரணில் போட்டாள். அத்தைதான், “மதினி, அந்தக் கண்ணாடிய இறக்கி மாட்டுங்க. அண்ணன் பாதி மீசையோட வேலைக்குப் போகுது, எனக்குச் சிரிப்பை அடக்க முடியல” என்றாள். பேச்சு போகவில்லை, நக்கல் போகவில்லை. வாசல் மட்டும் போய்விட்டது. விடியுமுன் தண்ணீர் எடுத்து வந்தால் அதோடு சரி. பகலெல்லாம் உள்ளே உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுவாள். வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிற, மருந்து படாத வேலை. கட்டை பலகையில் உருளுகிற சத்தம் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும்.

மாமா ஞாயிறு தவறாமல் வந்தார். வேப்பமரத்தடியில் அப்பாவோடு உட்கார்ந்து, வீட்டுக்குள் கேட்கும்படியாகப் பேசுவார்.

“தை மாசம் வச்சுக்கிடுவமா மச்சான்?”

அப்பா கதவைப் பார்ப்பார். உள்ளேயிருந்து, “வச்சுக்கிடறதுக்கு அது என்ன பொங்கப் பானையா?” என்று குரல் வரும். மாமா சிரிப்பார். அடுத்த ஞாயிறு மறுபடி கேட்பார்.

ஒரு ஞாயிறு குழாய் உருட்டுகிற சத்தம் நின்றது. அத்தை நிலைப்படிக்கு உள்ளேயே நின்றுகொண்டு பேசினாள்.

“அத்தான், ஒரு தடவ உங்க கூட வெளிய வாறேன். பகல்ல. பஸ்ஸுல. ஆளுக நடுவுல. என்னால முடிஞ்சா நீங்க சொல்ற மாசம். முடியலன்னா மறுபடி என்னைய யாரும் கேக்கக் கூடாது. அண்ணே, ஒனக்கும்தான்.”

எங்கே கூட்டிப் போவது என்று அன்று மாலை முழுக்கப் பேசினார்கள். அப்பா கோயில் என்றார். “கோயிலுக்குப் போனா வாறவ போறவ எல்லாம் நின்னு நின்னு கேப்பா” என்றாள் அம்மா. ஜவுளிக்கடை என்றால் சுவர் எல்லாம் கண்ணாடி. கடைசியில் மாமா தொடையில் தட்டி, “சினிமா! உள்ள போனா இருட்டு” என்றார். சிவகாசியில் வேண்டாம், தெரிந்த முகங்கள். விருதுநகரில் அந்தப் பழைய தியேட்டர். மத்தியான ஆட்டம். கூட்டமே இருக்காது.

“அந்தப் பல்லி படமாடா?” என்றாள் அம்மா.

“சின்னப்புள்ளைக படம்க்கா. பல்லி வரும், கட்டடத்தை இடிக்கும், சிரிச்சுட்டு வரலாம். இவனையும் கூட்டிட்டுப் போவோம்.”

“நீ பாத்துட்டியா?”

“பாக்கணுமாக்கும்? போஸ்டரே நான்தான போட்டேன்.”

அம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கும்தான்.

*

அத்தை முழங்கை மறைக்கும் ரவிக்கை போட்டு, முந்தானையைத் தலையோடு இழுத்து இடது பக்கம் கடித்துக்கொண்டாள். ஆமத்தூர் நிறுத்தத்தில் நிற்கும்போது என் கையை அவள் பிடித்த பிடியில் விரல் வலித்தது. பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். அத்தை உட்கார்ந்து, என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு காதில் சொன்னாள்: “முக்காட்டப் பாத்து என்னைய கெழவின்னு நெனச்சுட்டாடா.” உள்ளுக்குள் குலுங்கிச் சிரித்தாள். மேலே கம்பியைப் பிடித்து நின்ற மாமா, என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்.

தியேட்டருக்குள் பீடி வாசமும் பிளீச்சிங் பவுடர் வாசமும். பெஞ்சில் உட்கார்ந்தால் மூட்டைப்பூச்சி. எங்களைப் போலப் பல்லியை நம்பி வந்த பையன்கள் முன்வரிசையில் துள்ளிக்கொண்டிருந்தார்கள். பின்னால் வெயிலுக்கு ஒதுங்கியவர்கள் கொஞ்சம் பேர். மாமா, அத்தை, நான் என்று உட்கார்ந்தோம். விளக்கு அணைந்தது.

அந்தப் படத்தைப் போல ஒரு ஏமாற்றத்தை நான் பார்த்ததில்லை. கோட்டு போட்டவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். எழுந்து வேறொரு அறைக்குப் போய் அங்கே உட்கார்ந்து பேசினார்கள். ஒருவர் குச்சியால் வரைபடத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தார். வாய் அசைந்து நின்ற பிறகு தமிழ் வந்தது. “பேராசிரியரே! எரிமலையின் அடியாழத்திலிருந்து ஒரு விசித்திரமான ஒலி கேட்கிறது!”

“ஒன் வயித்துச் சத்தமா இருக்கும்யா, போய்ச் சாப்பிடு!” என்று முன்வரிசையில் ஒருவன் கத்தினான்.

அப்போதுதான் என் பக்கத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. “ஏ கோட்டு! குச்சிய வச்சுட்டு மொதல்ல பல்லியக் காட்டு!”

தியேட்டரே சிரித்தது. முன்னாலிருந்த பெரியவர் இருட்டில் திரும்பி, “சரியாச் சொன்னீக தாயி” என்றார். அத்தைக்குக் குஷி பிறந்துவிட்டது. பேராசிரியரின் மகளும் அவள் கட்டிக்கொள்ளப் போகிற சுரங்க இன்ஜினியரும் கடற்கரையில் கைகோத்து நடந்தபோது, “நடந்தது போதும், தேதியக் குறிங்க” என்றாள். மாமா பெஞ்சில் தாளம் போட்டார். முந்தானை எப்போது தலையிலிருந்து நழுவித் தோளில் விழுந்தது என்று அவளுக்கே தெரியாது.

இடைவேளைக்கு விளக்குப் போட்டார்கள். அத்தையின் கை முந்தானைக்குப் போனது. பாதியில் நின்றது. பிறகு மடியில் இறங்கியது. மாமா வாங்கிவந்த கலர் சோடா பாட்டிலை வாங்கி எல்லோரையும் போல அண்ணாந்து குடித்தாள். கழுத்து சரியாக அண்ணாந்து வராததால் கொஞ்சம் மோவாயில் வழிந்தது. முன்னாலிருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார், ஒரு கணம் நின்றார், “படம் அறுக்குது இல்ல தாயி?” என்றார். இரண்டு பையன்கள் உற்றுப் பார்த்துவிட்டு முறுக்கு வாங்க ஓடினார்கள். அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை.

அத்தை பாட்டிலைப் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு, திரையைப் பார்த்தபடியே கேட்டாள். “தையில எந்தத் தேதி பாத்து வச்சிருக்கீக?”

மாமாவின் கையிலிருந்த கலர் அவர் சட்டையிலேயே கொட்டியது. வெள்ளைச் சட்டை. ஆரஞ்சு நிறம் நெஞ்சிலிருந்து வயிறு வரை இறங்கியது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. “ரெண்டு முகூர்த்தம் இருக்கு புள்ள. மொதல்ல வாறதே…” என்று ஆரம்பித்தார். விளக்கு அணைந்தது.

*

இரண்டாம் பாதியிலும் பல்லி வரவில்லை.

வந்தது அந்த இன்ஜினியர். எரிமலைக்குள் இறங்கியவன் ஏதோ கதிரிலோ வாயுவிலோ வெந்து, மலை உயரத்துக்கு வளர்ந்து வெளியே வந்தான். ஆள் ரப்பர் உறை மாட்டியிருந்தது நன்றாகத் தெரிந்தது. முழங்கைப் பக்கம் தையல், முட்டியில் சாக்ஸ் போலச் சுருக்கம். அவன் மிதித்த ரயில் பொம்மை ரயில். “பல்லி எங்கடா? காசைக் குடுடா!” என்று பையன்கள் பெஞ்சைத் தட்டினார்கள். நானும் சேர்ந்து தட்டினேன்.

பிறகு முகத்தைக் கிட்டத்தில் காட்டினார்கள். ஒரு பாதி மனித முகம். மறுபாதி மடிப்பு மடிப்பாக உருகி, கழுத்தைத் தோளோடு இழுத்துப் பிடித்திருந்தது.

பெஞ்சுச் சத்தம் நின்றுபோனது. யாருக்கும் பயம் வரவில்லை. அதை எடுத்தவர்கள், பயப்படுவார்கள் என்று நினைத்துத்தான் எடுத்திருப்பார்கள். எங்கள் பக்கத்துத் தியேட்டரில் இது ஓடும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். இருட்டில் யாரோ மெதுவாக, “அடப் பாவமே, நாரணாபுரத்துல எங்க சித்தப்பாவுக்கு இப்பிடித்தான்யா” என்றார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன் காசு கேட்டுக் கத்தியவன் குரல்தான் என்று நினைக்கிறேன்.

திரையில் பேராசிரியரின் மகள் ஒரு மாடியில் நின்றாள். அந்த ராட்சத உருவம் அவளைக் கண்டதும் நின்று, கையால் முகத்தை மூடிக்கொண்டது. “என்னைப் பார்க்காதே!” என்று இடி போன்ற தமிழில் சொன்னது. அவள் பார்த்தாள். அலறினாள்.

நான் பயந்து அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. எனக்கு அவளுடைய பின்னங்கழுத்துதான் தெரிந்தது. அவள் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா அழுதுகொண்டிருந்தார். திரை வெளிச்சம் முகத்தில் விழுந்து இரண்டு கன்னமும் பளபளத்தன. வாய் லேசாகத் திறந்து மோவாய் நடுங்கியது. துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் ஒருத்தி தன்னைப் பார்க்கிறாள் என்பதே அவருக்குத் தெரியவில்லை. அந்த ரப்பர் முகத்தையே பார்த்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டு, இடது பக்கம் இழுத்துக் கடித்துக்கொண்டு திரைப் பக்கம் திரும்பினாள்.

போன மாதம் அந்தப் படத்தை இணையத்தில் தேடிப் பிடித்துப் பார்த்தேன். ஜப்பானியப் பேச்சு, ஒரு வார்த்தை புரியவில்லை. தையல் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. கடைசியில் பீரங்கியால் சுட்டு அவனைக் கடலில் தள்ளுகிறார்கள், அவ்வளவுதான் கதை. அன்றைக்கு அதைப் பார்த்த நினைவே எனக்கு இல்லை. விளக்குப் போட்டதும் மாமா தோளால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி, “போவமா?” என்றது மட்டும் நினைவிருக்கிறது.

திரும்பும்போது பஸ்ஸில் அத்தை பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். மாமா ஆரஞ்சுச் சட்டையோடு கம்பியைப் பிடித்து நின்றார். இடைவேளையில் கேட்டதையே நினைத்துக்கொண்டு வந்தார் போல, தானாகச் சிரித்துக்கொண்டார். விருதுநகரில் வாங்கிய காராச்சேவுப் பொட்டலம் கையில். வீட்டு வாசலில் அதை அம்மாவிடம் அவர் நீட்டும்போது அத்தை சொன்னாள்:

“முடியல மதினி.”

“என்ன புள்ள?” என்றார் மாமா.

“முடியலன்னா யாரும் கேக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?” உள்ளே போய்விட்டாள்.

*

பெரியவர்கள் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். பஸ்ஸில் எவனோ ஏதோ சொல்லியிருக்கிறான் என்று அப்பா முடிவு செய்து, மறுநாள் அந்தக் கண்டக்டரை நிறுத்திச் சண்டை போட்டார். அவன் பாவம், ஒன்றும் புரியாமல் விழித்தான். பேய்ப் படம் பார்த்துப் பயந்திருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் திருநீறு கொண்டுவந்து கொடுத்தார்கள். மாமா தன்னைத்தான் குற்றம் சொன்னார். வெந்த மனிதனைக் காட்டுகிற படத்துக்கு அவளைக் கூட்டிப் போய்விட்டேனே என்று. ஆமத்தூர் நிறுத்தத்தில் தண்ணீரை ஊற்றி ஊற்றி, கலர் ஏறிய நகத்தால் பல்லியைச் சுரண்டிக்கொண்டிருந்ததைப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பார்த்தேன். வகுப்பில் என்னை மொய்த்துக்கொண்டு கேட்டார்கள். பல்லியே இல்லை என்றேன். ஒருவன்கூட நம்பவில்லை. வருஷம் முழுவதும் அந்த அட்டையோடுதான் இருந்தோம்.

அத்தையின் தழும்புக்கு அம்மா தினமும் தேங்காய் எண்ணெய் தடவுவாள், இல்லாவிட்டால் தோல் இழுக்கும். அப்படித் தடவும்போது ஒரு நாள் கேட்டாள். நான் அங்கேதான் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன்.

“நெசத்தச் சொல்லு. எவன் என்ன சொன்னான்?”

“யாரும் ஒண்ணும் சொல்லல மதினி. எல்லாரும் நல்லாத்தான் இருந்தாக. அவரு அழுதாரு.”

“எதுக்கு?”

“அந்த ரப்பர் மனுசனுக்கு.”

அம்மாவின் கை நின்றது. “மனசு இருக்கவன் அழுவான். அது ஒரு குத்தமா?”

“குத்தம்னா சொல்றேன்? ஆஸ்பத்திரியில துணியச் சுத்திக் கெடந்தேன்ல, அன்னைக்கும் சிரிச்ச மூஞ்சியோடதான் வந்தாரு. வாராவாரம் அதே சிரிப்பு. என்னையப் பாத்து ஒரு மனுசனுக்கு நெசமாவே சிரிக்க முடியுதேன்னுதான் மதினி நான் வாசல் தாண்டுனேன். இப்பத்தான தெரியுது, அம்புட்டையும் உள்ள அடக்கி வச்சுக்கிட்டுச் சிரிச்சிருக்காரு. நான் அடுப்படியில நிப்பேன், அவரு கொல்லப்பக்கம் போய் அழுதுட்டு மூஞ்சியக் கழுவிட்டு வருவாரு. நானும் தெரியாத மாதிரி சோறு போடணும். ஆயுசுக்கும்.”

“நான் அவன்கிட்டச் சொல்றேன். எந்தம்பிதான, கேப்பான்.”

“சொல்லாதீக.” அத்தை திரும்பி அம்மாவின் எண்ணெய்க் கையைப் பிடித்தாள். “சொன்னா அழுகாம இருக்கப் பழகிக்கிடுவாரு. அது இன்னும் கொடுமை. மருமகனே, ஒனக்கும்தான். வாயத் தொறந்த, தோல உரிச்சுருவேன்.”

நாங்கள் யாரும் சொல்லவில்லை. அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாமாவுக்கு ரொம்ப வருஷம் கழித்து வேறு ஊரில் பெண் எடுத்தார்கள். இரண்டு பிள்ளைகள், இரண்டும் நன்றாகப் படிக்கின்றன. அத்தை அவர்களுக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் துணி எடுத்து என்னிடம் கொடுத்து அனுப்புகிறாள். சொல்லியிருக்க வேண்டுமா என்று அம்மா கடைசி வரை யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஏனென்றால் சொல்லாமலே சரியாகிவிடும் என்று ஒரு காலம் நாங்கள் நம்பினோம்.

அந்தச் சினிமாவுக்குப் பிறகும் மாமா ஞாயிறுதோறும் வந்தார். கேட்கக் கூடாது என்று சொன்னதால் எதுவும் கேட்கவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அந்த வாரம் பார்த்த படத்தின் கதையைச் சொன்னார். அவருடைய கணக்கு எனக்குக் கொஞ்ச நாளில் புரிந்தது. படம் தப்பாகிவிட்டது, சரியான படத்துக்குக் கூட்டிப் போனால் எல்லாம் நேராகிவிடும். அதனால் விருதுநகரிலும் சிவகாசியிலும் ஓடுகிற ஒவ்வொரு படத்தையும் தான் முதலில் பார்த்துவிட்டு வந்தார். அப்பாவிடம் சொல்வது போல, கதவுப் பக்கம் முகத்தை வைத்துச் சொல்வார். “இதுல தீ விபத்தெல்லாம் இல்ல மச்சான். ஒரு சண்டை வருது, அதுவும் தண்ணிக்குள்ள.” “இதுல யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஒரு நாய்க்கு மட்டும் கால்ல அடி, அதுவும் சரியாயிருது.” அப்பா பீடியைப் பார்த்தபடி, “ம்” என்பார். உள்ளே கட்டை உருண்டுகொண்டே இருக்கும்.

ஒரு ஞாயிறு கட்டைச் சத்தம் நின்றது. “அதுல பாட்டு எப்பிடி?” என்று அத்தை கேட்டாள். அம்மா சட்டியை அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்து என்னைப் பார்த்துக் கண்ணை விரித்தாள். மாமா இரண்டு பாட்டைப் பாடியே காட்டினார். கண்றாவிக் குரல். “போதும் போதும், காக்காயெல்லாம் ஓடிருச்சு” என்று உள்ளே சிரிப்புக் கேட்டது. அடுத்த வாரம் கதாநாயகி என்ன சேலை கட்டியிருந்தாள் என்று கேட்டாள். அதற்கடுத்த வாரம் நிலைப்படி வரை வந்து உட்கார்ந்து குழாய் உருட்டினாள்.

அன்று மாமா சொன்னது ஒரு லாரி டிரைவரின் கதை. சின்ன வயதில் தொலைந்துபோன தாயைத் தேடுகிறான். தாய் அவன் லாரியிலேயே ஏறி ஊர் ஊராகப் போகிறாள், அவளென்று அவனுக்குத் தெரியவில்லை. மாமா அதே சிரித்த முகத்தோடு இரண்டு பேர் குரலிலும் பேசிக் காட்டினார். அத்தையின் கை நின்றுவிட்டது. அவள் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், முந்தானை இழுக்காமல், வெயிலில்.

“அத்தான்,” என்றாள். “அந்த எடத்துல நீங்க அழுதீகளா?”

அம்மா அத்தைக்குப் பின்னால், வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தாள். கையில் மாமாவுக்குக் கொண்டுவந்த காப்பி. அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் தலையை இப்படியும் அப்படியும் வேகமாக ஆட்டினாள். இல்லைன்னு சொல்லு, இல்லைன்னு சொல்லு என்று வாயசைத்தாள். காப்பி தளும்பி விரலில் கொட்டியது. மாமாவின் கண் அத்தையை விட்டு நகரவில்லை. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் அவரிடம் அவரைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. அதற்கு நல்ல பதிலாக, உண்மையான பதிலாகச் சொல்ல வேண்டும் என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அழுகாம? எனக்கென்ன கல்லு நெஞ்சா? தேம்பித் தேம்பி அழுதேன் புள்ள. பக்கத்து சீட்டுக்காரன் துண்டு குடுத்தான்.”

அத்தை தலையை ஆட்டினாள். அவளுக்குக் கோபமில்லை. அங்கே அழுது தீர்த்துவிட்டு இங்கே சிரித்த முகத்தோடு வந்திருக்கிறார், மறுபடியும். பலகையையும் கட்டையையும் மடியில் எடுத்துக்கொண்டு எழுந்து, அம்மாவைத் தாண்டி உள்ளே போனாள்.

மாமா கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு காப்பியை வாங்கிக் குடித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, கதவைப் பார்த்து மீதிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அந்தப் படத்தில் கடைசியில் எல்லோரும் சேர்ந்துவிடுகிறார்கள்.